25 ஆயிரத்துல பழைய கேமிங் பிசி: கார்ட மாத்தவா, ப்ராசஸர மாத்தவா?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் மதுரைல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். வீட்ல இருக்கறது 2017ல அக்கா காலேஜ் சேரும்போது அசெம்பிள் பண்ணுன பிசி. ஐ5 7400 ப்ராசஸர், பி250 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 22 இன்ச் 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 10. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு மட்டும் அப்புறமா நான் அடம்புடிச்சு வாங்குனது. வேலரண்ட் கேம் 100 எஃப்பிஎஸ்ஸுக்கு (செகண்டுக்கு எத்தன படம் வருதுங்கற கணக்கு) மேல ஓடும், ஆனா ஃபைட் வந்தா 50க்கு எறங்கிடும். ஜிடிஏ 5ல கார்ல வேகமா போனா நின்னு நின்னு போகும். சைபர்பங்க் 2077 லோ-ல வச்சாலும் 20, 25தான். ப்ராஜெக்ட்டுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வேற போட்டிருக்கேன், அத தொறந்து விட்டுட்டு டீ குடிச்சிட்டு வரலாம். அப்பா 25,000 தர்றேன்னாரு, அதோட மூணு வருஷத்துக்கு எதுவும் கேக்கக்கூடாதுன்னு கண்டிஷன். ஃப்ரெண்டு ஒருத்தன் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு விக்கிறான், வாங்கவா? இல்ல ஐ7 8700 ப்ராசஸர் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வருது, அதே சாக்கெட்தான் (ப்ராசஸர் உக்கார்ற எடம்)றாங்க, அத போடவா? கடைல கேட்டா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு 70,000க்கு புது செட் எடுன்றாங்க. மானிட்டர 144 ஹெர்ட்ஸ் ஆக்கணுமா? எஸ்எம்பிஎஸ் லேபிளும் டாஸ்க் மேனேஜரும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன் பாருங்க.

பதில்: தம்பி, முதல்ல கேள்வி கேட்ட விதத்துக்கே ஒரு சபாஷ். கடைக்கு வர்றவங்க முக்காவாசி பேர் "அண்ணா லேக் ஆகுது எத மாத்தலாம்"னு ஒரே வரில முடிச்சிருவாங்க, அதுக்கப்புறம் என்ன கேம், எப்ப ஆகுது, எப்படி ஆகுதுன்னு நாமதான் தோண்டித் தோண்டிக் கேக்கணும். நீங்க அதெல்லாம் நீங்களாவே எழுதிட்டீங்க, பதிலும் அதுலயே இருக்கு. உங்க பிசில இருக்கறது ஒரு பிரச்சனை இல்ல, மூணு தனித்தனி பிரச்சனை. வேலரண்ட்ல ஃபைட் வரும்போது எறங்குறது ப்ராசஸர் பக்கம். ஜிடிஏல கார் ஓட்டும்போது நின்னு நின்னு போறது ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் சேந்து பண்ற வேலை. சைபர்பங்க்ல எப்பப் பாத்தாலும் 20, 25லயே கெடக்கறதுதான் கிராபிக்ஸ் கார்டு. ஆகமொத்தம் 25,000த்தையும் கார்டுலயே போட்டீங்கன்னா மூணாவது மட்டும் ஓரளவு சரியாகும், முதல் ரெண்டும் அப்படியே இருக்கும், அப்புறம் இவ்ளோ காசு போட்டும் ஒன்னும் ஆகலயேன்னு அப்பா முன்னாடி நிக்கணும்.

நான் சொல்றத அப்படியே நம்பணும்னு இல்ல, வீட்லயே பாத்துக்கலாம், காசு செலவில்ல. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எறக்குங்க, கூடவே ரிவாட்யூனர் வரும், ரெண்டும் ஃப்ரீ. கேம் ஓடும்போது ஸ்க்ரீன் ஓரத்துல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தன பர்சன்ட், சிபியு (ப்ராசஸர்) நாலு கோரும் தனித்தனியா எத்தன பர்சன்ட், ரெண்டோட சூடு, ரேம், விரேம் (கார்டோட சொந்த மெமரி) எல்லாம் தெரியற மாதிரி வச்சுக்குங்க. சிபியுவ மொத்தமா ஒரே நம்பரா பாக்காதீங்க, மொத்தம் 70ன்னு காட்டும் ஆனா உள்ள ஒரு கோர் மட்டும் 100ல முட்டிக்கிட்டு நிக்கும், கேம் தெணறுறது அந்த ஒரு கோராலதான். ஜிபியு 97, 98லயே நிக்குதுன்னா கார்டுதான் தடை. ஜிபியு 60, 65ல தூங்கிக்கிட்டு இருக்கு, எஃப்பிஎஸ் மட்டும் எறங்குதுன்னா தடை வேற எங்கயோ இருக்கு, புது கார்டு போட்டா அந்த கார்டும் சேந்து தூங்கும்.

இன்னும் சந்தேகமா இருந்தா அதே சீன்ல ரெசல்யூஷன 720பிக்கு எறக்கிப் பாருங்க. படம் மங்கும், பரவால்ல. எஃப்பிஎஸ் சரசரன்னு ஏறுச்சுன்னா கார்டு பிரச்சனை, ஏன்னா இப்ப கார்டுக்கு வேலை குறைஞ்சிருச்சு. ஏறவே இல்ல, அதே 50லதான் நிக்குதுன்னா ப்ராசஸர் பிரச்சனை, ஏன்னா எந்த ஆளு எங்க நிக்கிறான், குண்டு எங்க படுதுன்னு கணக்கு போடறதெல்லாம் சிபியு வேலை, அதுக்கு ரெசல்யூஷன் எவ்ளோன்னு கவலையே கெடையாது. வேலரண்ட்ல இத செஞ்சு பாருங்க, அனேகமா ஒன்னும் ஏறாது. சைபர்பங்க்ல நல்லாவே ஏறும்.

சூட்டயும் பாத்துக்கங்க. 2017ல போட்ட தெர்மல் பேஸ்ட் இந்நேரம் காஞ்சு சுண்ணாம்பா போயிருக்கும், மதுரை வெயில் வேற. சிபியு 90ஐ தாண்டி 100 பக்கத்துல போகுது, ஸ்பீடு 3 கிகாஹெர்ட்ஸுக்கு கீழ வழுக்குதுன்னா, சூடு தாங்காம ப்ராசஸர் தானா வேகத்த குறைச்சுக்குதுன்னு அர்த்தம். கூலர கழட்டி தூசி தட்டி புது பேஸ்ட் வைங்க, பட்டாணி அளவு போதும். இன்டெல் கூட வர்ற கூலருக்கு நாலு புஷ் பின் இருக்கும், மேல அம்புக்குறி போட்டிருக்கும், அந்தப் பக்கம் திருப்பினா கழண்டு வரும், திரும்ப மாட்டும்போது பழைய எடத்துக்குத் திருப்பிட்டு எதிரெதிர் பின்னா அழுத்தணும். நாலுல ஒன்னு பாதிதான் உக்காந்திருக்கும், மேல இருந்து பாத்தா தெரியாது, போர்டுக்கு அடில நாலு கறுப்பு முனையும் வெளில வந்திருக்கான்னு பாக்கணும். பேஸ்ட் மாத்தியும் சூடு குறையலன்னு வர்ற கேஸ்ல இதுதான் அடிக்கடி இருக்கும்.

சரி, போட்டோவுக்கு வர்றேன். டாஸ்க் மேனேஜர்ல மெமரி 7.9ல 7.3 ஓடிக்கிட்டு இருக்கு, டிஸ்க் 100 பர்சன்ட், ஸ்லாட் ரெண்டுல ஒன்னுதான் நிறைஞ்சிருக்கு. ஜிடிஏ கதை இந்த ஒரு போட்டோலயே முடிஞ்சுது. கார்ல வேகமா போகும்போது கேம் அடுத்த தெருவ, பில்டிங்க, வண்டிங்கள எல்லாம் டிஸ்க்ல இருந்து எடுத்துக்கிட்டே வரணும். அத வைக்க ரேம்ல எடமில்ல, க்ரோமும் டிஸ்கார்டும் ஏற்கனவே உக்காந்திருக்கு, அதனால விண்டோஸ் ரேம்ல இருக்கறத கொஞ்சம் எடுத்து டிஸ்க்ல பேஜ்ஃபைல்ல போடுது. அந்த டிஸ்க் எது? அதே ஹார்ட் டிஸ்க். ஒரே முள்ளு ஒரு பக்கம் கேம் ஃபைல படிக்கணும், இன்னொரு பக்கம் பேஜ்ஃபைல எழுதணும், ரெண்டுக்கும் நடுவுல ஓடி ஓடி அது முடிக்கற வரைக்கும் உங்க கார் நிக்குது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் இதே கேஸ்தான், எமுலேட்டர் தொறந்தா 8 ஜிபி எந்த மூலைக்கு.

அதனால முதல் செலவு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். 16 ஆகறது ஒரு லாபம், அதவிட உங்களுக்கு முக்கியமான இன்னொன்னு இருக்கு. ஒரே ஸ்டிக்ல 2400 ஸ்பீடுல ரேம் செகண்டுக்கு 19.2 ஜிபி வரைக்கும்தான் குடுக்க முடியும், ரெண்டு ஸ்டிக் போட்டா டூயல் சேனல் ஆகி 38.4 ஆகுது. உங்க ப்ராசஸருக்கு நாலு கோர் நாலு த்ரெட்தான் (ஒரே நேரத்துல நாலு வேலைதான் ஓட்டும்), அதுவும் பாதி நேரம் ரேமுக்காக காத்துக்கிட்டு நிக்குதுன்னா வேலரண்ட் ஃபைட்ல எறங்கத்தான் செய்யும். அங்க சராசரிய விட அந்த 50க்கு விழற அடிமட்டம் மேல வரும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான், உங்க மானிட்டர் 60க்கு மேல காட்டப் போறதில்ல. கூடவே வேலரண்ட் ஆடும்போது க்ரோம மூடுங்க தம்பி, நாலு த்ரெட்ட வச்சுக்கிட்டு பின்னாடி இருவது டேப் ஓட்டறது நியாயமே இல்ல.

ரேம் புதுசு விலை கேட்டா அதிர்ச்சியா இருக்கும். 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி மொத்தமா போயிட்டிருக்கு, டிடிஆர்4 தயாரிப்பயும் கம்பெனிங்க குறைச்சுட்டாங்க, க்ரூஷியல்னு நாம வாங்கிட்டிருந்த பிராண்டயே மைக்ரான் 2025 டிசம்பர்ல கடை கட்டறதா அறிவிச்சுட்டாங்க. அதனாலதான் இந்த பதில்ல எதுக்கும் விலை எழுதல, நீங்க படிக்கிற நேரத்துல வேறயா இருக்கும், வரிசைய மட்டும் புடிச்சுக்குங்க. செகண்ட் ஹேண்ட் ரேம் தைரியமா வாங்கலாம், அதுல தேயற பார்ட் எதுவும் கெடையாது. அதே பிராண்டு வேணும்னு அவசியமில்ல, 3200னு எழுதியிருந்தாலும் உங்க போர்டுல 2400ல ஓடும், லேப்டாப் ஸ்டிக்கயோ டிடிஆர்3யோ தலைல கட்டிடாம பாத்துக்குங்க. தங்கக் கலர் முனைய ரப்பர் வச்சு லேசா தேச்சு தொடச்சுட்டு மாட்டுங்க, ராத்திரி ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86 ஓட விட்டுட்டுத் தூங்குங்க, காலைல சிவப்பு வரி ஒன்னு இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க, "அது சும்மா அப்படித்தான் காட்டும்"னு சொன்னா கேக்காதீங்க.

ரெண்டாவது எஸ்எஸ்டி, அதாவது முள்ளு இல்லாத, சிப்புல ஓடற வேகமான டிஸ்க். 500 ஜிபி அளவுல சாட்டா எஸ்எஸ்டி போதும். உங்க பி250 போர்டுல எம்.2 ஸ்லாட் அனேகமா இருக்கும், இருந்தா என்விஎம்இ (சாட்டாவ விட வேகமான எஸ்எஸ்டி வகை) போடலாம், விலை ஒன்னா இருந்தா அதயே எடுங்க, ஆனா கேம் ஆடற வரைக்கும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் புதுசா அதுல போடுங்க, க்ளோன் பண்ணி ஒம்போது வருஷ குப்பைய அப்படியே தூக்கிட்டு வராதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல படம், ப்ராஜெக்ட் பேக்கப் எல்லாம் கெடக்கட்டும், ஆனா அதோட ஹெல்த்த கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல ஒருதடவ பாருங்க, மஞ்சள் காட்டுச்சுன்னா கேம பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அக்காவோட போட்டோவ எல்லாம் வேற எடத்துக்கு மாத்துங்க.

சைபர்பங்க் உங்களுக்கு ஏன் இவ்ளோ அழுகுதுன்னும் இங்கயே சொல்லிடறேன். 2023ல அவங்க குறைந்தபட்ச தேவைய மாத்துனாங்க: ஐ7 6700, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி கட்டாயம். உங்க மெஷின் இந்த நாலுலயும் கீழ இருக்கு. அப்படியும் 25 வருதுன்னா அந்த 1050 டிஐக்கு ஒரு மாலை போடலாம், 75 வாட்ஸ்ல ஓடற கார்டு அது, 2016ல வந்தது.

இப்ப எஸ்எம்பிஎஸ் லேபிள். பெருசா 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கு, கீழ பொடி எழுத்துல அட்டவணை இருக்கே அதுதான் உண்மை. +12வி-னு போட்ட வரில 16ஏ-ன்னு இருக்கு. 12ஐ 16ஆல பெருக்குங்க, 192 வாட்ஸ். கம்ப்யூட்டர்ல ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடறது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்லதான், மீதி வாட்ஸெல்லாம் 3.3லயும் 5லயும் போட்டு கூட்டி 450ன்னு காட்டறது, அது உங்களுக்கு பிரயோஜனம் இல்ல. அந்த 192வாவது முழுசா வருமான்னா, இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ல எனக்கு நம்பிக்கை கெடையாது, ஒம்போது வருஷத்துல கெப்பாசிட்டரும் தளர்ந்திருக்கும். உங்க சிபியு 65 வாட்ஸ், ஃப்ரெண்டு விக்கிற 1660 சூப்பர் 125, ரெண்டும் சேந்து 190 ஆச்சு, இன்னும் போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் பாக்கி. கார்டுக்கான 8 பின் வயரும் அதுல இல்ல. கடைல அம்பது ரூபாய்க்கு மோலெக்ஸ்ல (பழைய 4 பின் வயர்) இருந்து 8 பின் எடுக்கற கன்வெர்ட்டர் ஒன்னு குடுப்பாங்க, சிரிச்சுக்கிட்டே வேணாம்னு சொல்லிடுங்க, அந்த கனெக்டர் உருகி கறுத்து என் டேபிளுக்கு வந்ததெல்லாம் உண்டு.

அதனால மூணாவது செலவு, நல்ல கம்பெனி 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (கரண்ட அதிகம் வீணாக்காதுங்கற சர்ட்டிஃபிகேட்), புதுசு, பில்லோட. மத்த எத வேணா செகண்ட் ஹேண்ட்ல எடுங்க, எஸ்எம்பிஎஸ் மட்டும் வேணாம். நம்ம ஊர்ல கரண்ட் ஏறி எறங்கறது தெரிஞ்ச விஷயம், கெட்ட எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியா சாகாது. இதுக்கு எஃப்பிஎஸ் ஒன்னு கூட ஏறாது, அப்பாகிட்ட காட்ட ஒன்னும் இருக்காது, அது எனக்கும் தெரியுது. ஆனா அஞ்சு வருஷ வாரண்டியோட வர்ற மாடலா பாத்து எடுத்தா அடுத்த மெஷினுக்கும் இதுவேதான். வீட்ல 600 விஏ யுபிஎஸ் இருந்தா அது ஏறக்குறைய 360 வாட்ஸ்தான் தாங்கும், ஓடும், ஆனா கரண்ட் போன உடனே கேம மூடிட்டு ஷட்டவுன் பண்ணிடுங்க.

இதுக்கப்புறம் மிச்சம் இருக்கற காசு மொத்தமும் கார்டுக்கு. ஃப்ரெண்டோட 1660 சூப்பர் மோசமான கார்டு இல்ல, 2019ல வந்தது, 6 ஜிபி, உங்க 1050 டிஐக்கு ரெண்டு மடங்குக்கு மேலயே இழுக்கும். என் தயக்கம் ஒன்னுதான், அதுல ரே ட்ரேசிங்குக்கான (வெளிச்சம், நிழல நிஜம் மாதிரி கணக்கு போடறது) ஹார்டுவேர் கெடையாது, 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025ல வந்த டூம் தி டார்க் ஏஜஸ் மாதிரி சில கேம் அது இல்லாத கார்ட வாசல்லயே நிறுத்திடுது. மூணு வருஷத்துக்கு கேக்கக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கற ஆளுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆர்எக்ஸ் 6600 செகண்ட் ஹேண்ட்ல நல்லதா மாட்டுச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு அதுதான், 8 ஜிபி விரேம், 132 வாட்ஸ், ஒரே ஒரு 8 பின். உங்க போர்டுல கார்டு மாட்டற ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, அந்த கார்டு 8 லேன்லதான் (டேட்டா போற பாதை) பேசும், கொஞ்சம் இழப்பு இருக்கும் ஆனா கவலப்படற அளவுக்கு இல்ல. ஏஎம்டி டிரைவர் பழைய சிபியுவ கொஞ்சம் கம்மியா தொந்தரவு பண்ணும், டிஎக்ஸ்12 (விண்டோஸ்ல கேம் கார்டோட பேசற ஒரு முறை) கேம்ல உங்க நாலு கோருக்கு அது ஒரு உதவி.

ஆனா ஏஎம்டிதானேன்னு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போயிடாதீங்க. 4 லேன்ல பேசற கார்டு அது, விரேமும் 4 ஜிபிதான், உங்க பிசிஐ 3.0 போர்டுல விரேம் நிறைஞ்ச நிமிஷம் படுத்துடும். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபின்னு யாராவது ஆசை காட்டுவாங்க, நல்ல கார்டுதான், ஆனா அதுக்கு ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டோட மெமரி முழுசயும் ஒரே நேரத்துல தொட விடற வசதி) வேணும், இன்டெல்லே 10வது ஜெனரேஷனுக்கு மேலதான் அத சொல்றாங்க, உங்க மெஷினுக்கு ஆகாது. எஸ்எம்பிஎஸ் மாத்தவே காசில்லன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு வழி ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட்ஸ், பெரும்பாலான மாடல்ல தனி பவர் வயரே கெடையாது, புதுசா வாரண்டியோட கெடைக்கும், 6600 அளவுக்கு வேகம் இருக்காது. உங்க நிலைமைல நான் எஸ்எம்பிஎஸ் மாத்திட்டு 6600தான் போடுவேன். இந்த மாசம் காசு பத்தலன்னா ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மூணும் இப்ப போட்டுட்டு கார்டுக்கு ரெண்டு மாசம் பொறுங்க, தப்பில்ல, ஜிடிஏவும் ப்ராஜெக்டும் அதுக்குள்ள சரியாகிடும்.

1050 டிஐய அப்படியே வச்சு ஓட்டலாமேன்னு கேக்கறவங்களுக்கு: அந்த தலைமுறை கார்டுக்கெல்லாம் புது கேமுக்கான டிரைவர் 2025 அக்டோபரோட என்விடியா நிறுத்திட்டாங்க, இனி 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பழைய கேம் ஓடும், புதுசுல ஏதாவது கோளாறு வந்தா சரி பண்ண ஆள் கெடையாது.

ஐ7 8700 விஷயம். அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பி வாங்குங்க. சாக்கெட் பேரு ரெண்டுக்கும் எல்ஜிஏ 1151தான், கச்சிதமா உள்ள உக்காரும், ஆனா உங்க போர்டுல டிஸ்ப்ளே வராது. 8வது ஜெனரேஷனுக்கு 300 சீரிஸ் சிப்செட் (போர்டோட முக்கிய சிப்) வேணும்னு இன்டெல் மாத்திட்டாங்க, பி250 6வதும் 7வதும்தான் எடுக்கும். விக்கிறவர் பொய் சொல்லல, சாக்கெட் ஒன்னுதான், அத நம்பி காசு போட்டவங்கதான் ஏமாந்தாங்க. உங்க போர்டுல மேல போகணும்னா ஐ7 7700தான் கடைசி, நாலு கோர் எட்டு த்ரெட். வித்தியாசம் நல்லா தெரியும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்கள மாதிரியே அந்த போர்டுல மாட்டிக்கிட்டவங்க எல்லாருக்கும் அது ஒன்னுதான் வழி, அதனால செகண்ட் ஹேண்ட்லயே அதுக்கு தகுதிக்கு மீறி விலை சொல்வாங்க. 2022ல வந்த ஐ3 12100எஃப் அதே நாலு கோர் எட்டு த்ரெட்ல அத தாராளமா முந்திடும். அந்த காச போர்டோட சேத்து பின்னாடி போடுங்க: ஐ5 12400எஃப்-க்கு டிடிஆர்4 எடுக்கற எச்610 போர்டு இருக்கு, ரைசன் 5 5600-ம் டிடிஆர்4 போர்டுதான். இப்ப வாங்கற ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு நாலும் அப்படியே அங்க போகும், வேலைக்கு சேந்து முதல் சம்பளம் வந்ததும் போர்டும் ப்ராசஸரும் மட்டும் மாத்துங்க, அதுக்கு அப்பாவோட கண்டிஷன் பொருந்தாது.

அதுவரைக்கும் 6600 போட்ட பிறகு சைபர்பங்க்ல உங்க ஐ5 தெணறத்தான் செய்யும், கூட்டமான தெருவுல குறிப்பா. செட்டிங்ஸ்ல கூட்டத்தோட அளவ லோ-க்கு வைங்க, அது முழுக்க சிபியு சுமை. ரிவாட்யூனர்ல எஃப்பிஎஸ்ஸ 45க்கோ 50க்கோ பூட்டுங்க, 70க்கும் 35க்கும் நடுவுல குதிக்கறதவிட ஒரே 45 கண்ணுக்கு நல்லா இருக்கும். கிராபிக்ஸ தாராளமா ஏத்துங்க, டெக்ஸ்ச்சர் ஹை வைங்க, அது கார்டோட பாடு, சிபியுவுக்கு அதுல சம்பந்தமில்ல.

கடைக்காரர் 70,000 செட்னு சொன்னதுல எனக்குக் கோவமில்ல, அவர் பொழப்பு அது, எதுவுமே இல்லாம ஆரம்பிக்கறவங்களுக்கு நானும் அதத்தான் சொல்வேன். மானிட்டர் இப்ப வேணவே வேணாம். உங்க ஐ5 வேலரண்ட்ல நிலையா 144 தராது, புது மானிட்டர்ல அந்த எறக்கம் இன்னும் பளிச்சுன்னு தெரியும், அவ்ளோதான். விண்டோஸ பொறுத்தவரைக்கும் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, உங்க ஐ5 மாதிரி 7வது ஜெனரேஷன விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. குறுக்கு வழில ஏத்திட்டு வேலரண்ட் ஆடப் போனா விண்டோஸ் 11ல அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியயும் கேக்கும், பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) அது ரெண்டும் இருக்கான்னு பாக்காம எறங்காதீங்க. 10லயே இருந்துக்கிட்டு மைக்ரோசாஃப்ட் தர்ற நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட்டுக்கு பதிவு பண்ணிக்குங்க, 2026 அக்டோபர் வரைக்கும் வரும்.

கார்டு வாங்கப் போகும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ மதுரையோ ஃப்ரெண்டு வீடோ, எங்கனாலும் ஓட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க. முதல்ல ஜிபியு-இசட் தொறந்து பேரு, விரேம் எல்லாம் சொன்ன மாதிரியே இருக்கான்னு பாருங்க, கார்டுக்குள்ள இருக்கற பயாஸ மாத்தி பழைய கார்ட புது பேருல விக்கறவங்க இருக்காங்க. அப்புறம் கார்டுக்கு முழு சுமை குடுக்கற ஃபர்மார்க் பத்து நிமிஷம், அதுக்கப்புறம் ஒரு கேம் இருவது நிமிஷம், ஸ்க்ரீன்ல பொட்டு பொட்டா கலர் வருதா, ஃபேன் ரெண்டும் ஒரே சீரா சுத்துதா, சத்தம் வருதான்னு பாருங்க. க்ரிப்டோ மைனிங்ல ஓடுனதான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, அதனால கேக்கறதவிட ஸ்க்ரூ மேல இருக்கற வாரண்டி ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கா, பின்பக்க போர்டுல எண்ணெய் கசிஞ்ச மாதிரி கறை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சீரியல் நம்பர போட்டோ எடுத்து கம்பெனி சைட்ல போட்டா வாரண்டி பாக்கி இருக்கான்னு தெரிஞ்சிடும், பாக்கி இருந்தா பழைய பில்ல கேட்டு வாங்கிட்டு வாங்க. வீட்ல மாட்டறதுக்கு முன்னாடி கேபினெட்டுக்குள்ள டேப் வச்சு அளந்துக்குங்க, 6600ல மூணு ஃபேன் மாடலும் இருக்கு, முன்னாடி ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிச்சா ரெண்டு ஃபேன் மாடலா பாத்து எடுங்க.